ஒரு ‘அல்லது’ நடத்திவைத்த கல்யாணம்

வீட்டில் கல்யாணம் என்றால் சென்னைவாசிகளுக்கு முதல் வேலை தி.நகர் போய்வருவது. பட்டுப்புடவை, பாத்திரம், வளையல், ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி என்று பாண்டி பஜாரில் கால் கடுக்க நடப்போம். அந்தப் ‘பாண்டி’ யார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? பாண்டிச்சேரிக்கும் அந்தத் தெருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதுதான் முழுப்பெயர். நம் வாயில் அது தேய்ந்து பாண்டி ஆகிவிட்டது!

ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்ட மனிதர். அதைவிட நம் கதைக்குத் தேவையான விஷயம் ஒன்று உண்டு. ஜாதகம் பார்த்து, முகூர்த்தம் குறித்து, புரோகிதருக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு நாம் ஜவுளி எடுக்கப் போகிறோமே, அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர், இது எதுவுமே இல்லாமல் கல்யாணம் செய்யலாம் என்று முழங்கிய ஒரு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்.

மாநாடு நடந்த ஊர் செங்கல்பட்டு. தேதி 1929, பிப்ரவரி 17, 18. முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதுவும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நடந்ததுதான். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாகாண மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைக் கொண்டுவர அனுமதி மறுக்கப்பட்டதும், ஈ.வெ.ராமசாமி, அதாவது பிற்காலத்தில் பெரியார், காங்கிரஸை விட்டே வெளியேறினார். அதே ஆண்டு மே மாதம் ‘குடி அரசு’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அடுத்த நான்கே வருடங்களில் ஒரு மாகாண மாநாடு கூட்டும் அளவுக்கு சுயமரியாதை இயக்கம் வளர்ந்துவிட்டது.

சரி, செங்கல்பட்டில் என்னதான் தீர்மானம் போட்டார்கள்? பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் வேண்டாம். பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும். பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் இருக்கவேண்டும். பிடிக்காத திருமணத்திலிருந்து விலகிக்கொள்ள உரிமை வேண்டும். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம். ஆணும் பெண்ணும் ஜாதி, மத பேதம் பார்க்காமல் தங்கள் துணையைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இன்றைக்கு இதையெல்லாம் படிக்கும்போது, ‘இதிலென்ன அதிசயம்’ என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். அதே 1929 செப்டம்பரில்தான் டெல்லியில் சாரதா சட்டம் நிறைவேறியது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த அந்தச் சட்டம் பெண்ணுக்கு நிர்ணயித்த வயது 14! அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு. அந்தச் சட்டம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே செங்கல்பட்டுக்காரர்கள் 16 கேட்டுவிட்டார்கள்.

அந்தத் தீர்மானங்களை ஒருமுறை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். புரோகிதர் என்பது அவற்றில் ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் பெண்ணைப் பற்றியது. அவளுக்கு என்ன வயது, அவள் யாரைக் கட்டிக்கொள்வது, பிடிக்காவிட்டால் என்ன செய்வது, சொத்தில் அவளுக்கு என்ன பங்கு... ‘ஐயர் இல்லாத கல்யாணம்’ என்று ஊரார் வைத்த பெயர் விஷயத்தில் கால்வாசியைத்தான் சொல்கிறது.

பேச்சோடு நின்றுவிடவில்லை. அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற கிராமத்தில் 1928 மே 28-ந் தேதி பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்கத்தார் குறிப்பிடுகிறார்கள். செங்கல்பட்டு மாநாடு முடிந்த பத்தாவது மாதம், 1929 டிசம்பரில், ஈரோட்டில் குத்தூசி குருசாமிக்கும் குஞ்சிதத்துக்கும் திருமணம். இருவரும் வேறு வேறு ஜாதி. மாநாட்டுத் தீர்மானத்துக்கு இரண்டு பேர் உயிர் கொடுத்தது போல!

அந்தக் கல்யாணங்கள் எப்படி இருந்திருக்கும்? அக்னி கிடையாது, மந்திரம் கிடையாது. ஒரு மேடை, ஒரு தலைவர், நான்கைந்து பேச்சாளர்கள். மணமக்கள் எழுந்து நின்று, இன்னாரை வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று உறுதிமொழி சொல்வார்கள். மாலை மாற்றிக்கொள்வார்கள். சிலர் தாலி கட்டுவார்கள், சிலர் அதுவும் வேண்டாம் என்பார்கள். வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தவர்கள் உண்டு. சுபகாரியம் என்றால் கூடத்துப் பக்கமே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட விதவைகளை முன்வரிசையில் உட்காரவைத்த கல்யாணங்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு அது வாழ்க்கையில் கிடைத்த முதல் மரியாதையோ!

‘அதெல்லாம் சரி சார், ஆயிரம் காலமாக இருக்கிற சம்பிரதாயத்தை...’ என்று நீங்கள் இழுப்பது கேட்கிறது. இரண்டாயிரம் வருடம் முன்பே போய்ப் பார்த்துவிடுவோம். அகநானூற்றில் 86-வது பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது. அதில் ஒரு கல்யாணமே நடக்கிறது. பந்தல் போட்டிருக்கிறார்கள். தரையில் மணல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கு எரிகிறது. உளுந்து போட்ட பொங்கல் தயார். பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது! அக்னியும் இல்லை, புரோகிதரும் இல்லை. 136-வது பாட்டில் வரும் கல்யாண விருந்திலோ இறைச்சிச் சோறு. பிறகு வந்த சிலப்பதிகாரத்தில்தான், கோவலன்–கண்ணகி கல்யாணத்தில், தீவலம் வருவதும் வயதான பார்ப்பனர் ஒருவர் சடங்கு நடத்துவதும் வருகின்றன. ஒரு நியாயம் சொல்லவேண்டும்: நல்ல நாள் பார்ப்பது அகநானூற்றிலேயே இருக்கிறது. சந்திரன் ரோகிணியோடு சேர்ந்த நாள்! ஆக, ‘ஆதியிலிருந்தே இப்படித்தான்’ என்று இரண்டு தரப்புமே அடித்துச் சொல்ல முடியாது. கல்யாணம் நடத்தும் முறை காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கிருந்து கடலோரமாகச் சற்றுத் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பழைய டச்சுக் கோட்டை இருக்கிறது. துணி வியாபாரத்துக்காக 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து இறங்கிய இடம். அவர்களுடைய சொந்த ஊரான ஹாலந்தில் 1580-லேயே ஒரு சட்டம் இருந்தது: அரசாங்கம் ஏற்ற சர்ச்சில் சேராதவர்கள், பாதிரியாரிடம் போகாமல் நகர அதிகாரியின் முன்னால் திருமணம் செய்துகொள்ளலாம். இங்கிலாந்தில் கிராம்வெல் காலத்தில், 1653-ல், திருமணம் செய்துவைக்கும் அதிகாரத்தை சர்ச்சிடமிருந்து எடுத்து மாஜிஸ்திரேட் கையில் கொடுத்தார்கள். பிரான்ஸில் புரட்சி வந்து, 1792-ல் திருமணம் அரசாங்கப் பதிவேட்டுக்கு வந்தது.

இதில் இங்கிலாந்துக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1660-ல் மன்னராட்சி திரும்பியது. உடனே ஒரு சிக்கல். இடைப்பட்ட காலத்தில் பாதிரியார் இல்லாமல் நடந்த கல்யாணங்களெல்லாம் செல்லுமா? செல்லாது என்றால் அந்தப் பெண்களின் கதி? பிள்ளைகளின் கதி? அந்தத் திருமணங்கள் அத்தனையும் செல்லும் என்று அவசரமாக ஒரு சட்டம் போட்டுத்தான் பிரச்னையைத் தீர்த்தார்கள்.

முந்நூறு வருடம் கழித்து, அதே சிக்கல் அச்சு அசலாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது!

*

மேடை போட்டாயிற்று, மாலை மாற்றியாயிற்று. சட்டம் என்ன சொன்னது? பிரிட்டிஷ் ஆட்சியில் 1872-லேயே ஒரு சிவில் திருமணச் சட்டம் இருந்தது. வங்காளத்தில் கேசவ் சந்திர சென் தலைமையிலான பிரம்ம சமாஜத்தார் கேட்டு வந்த சட்டம். ஆனால், அதன்கீழ் திருமணம் செய்பவர்கள் ‘நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன் இல்லை...’ என்று வரிசையாக எழுதிக் கொடுக்கவேண்டும். 1923-ல் அதைத் திருத்தி, இந்துக்கள் இந்துவாகவே இருந்து மணந்துகொள்ள வழி செய்தார்கள். அதிலும் ஒரு கொக்கி: அப்படி மணந்தவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்துவிட்டதாகக் கருதப்படுவார். கிராமத்தில் காணி நிலத்தை நம்பி வாழ்கிறவன் எப்படி அந்தப் பக்கம் போவான்?

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீக்கியர்களின் ஆனந்த் திருமண முறைக்கு 1909-ல் தனிச் சட்டம் வந்தது. ஆரிய சமாஜத் திருமணங்களுக்கு 1937-ல் ஒரு சட்டம் வந்தது. சுயமரியாதைக்காரர்களுக்கு மட்டும் சட்டம் இல்லை. ஆனாலும் ஊர் ஊராகக் கல்யாணங்கள் நடந்துகொண்டே இருந்தன.

1953-ல் இடி விழுந்தது. 1934-ல் சுயமரியாதை முறையில் நடந்த ஒரு திருமணம் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு! காரணம் இதுதான்: சாஸ்திரப்படியான சடங்கும் இல்லை; ‘இது எங்கள் வழக்கம்’ என்று சொல்லலாமென்றால், வழக்கம் என்பது தொன்றுதொட்டு வந்திருக்கவேண்டும். நேற்று ஆரம்பித்ததை எப்படி வழக்கம் என்பது? 1955-ல் வந்த இந்து திருமணச் சட்டமும் கைகொடுக்கவில்லை. மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்கு நடக்கவேண்டும் என்று அதன் 7-வது பிரிவு சொன்னது.

இந்தத் தீர்ப்பு ஒரு வீட்டுக்குள் என்ன செய்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபது வருடம் குடித்தனம் நடத்திய பெண். இரண்டு மூன்று பிள்ளைகள். ஊரே தம்பதி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. கணவன் கண்ணை மூடியதும் ஒரு பங்காளி கோர்ட்டுக்குப் போய், ‘இவள் மனைவியே இல்லை’ என்று மனு போட்டால்? மேடையில் பேசிய தலைவர்கள் யாருக்கும் நஷ்டமில்லை. கைதட்டியவர்களுக்கும் நஷ்டமில்லை. கொள்கைக்கான விலையைக் கொடுக்கவேண்டியவர்கள் அந்தப் பெண்ணும் அவள் பிள்ளைகளும்தான். அது தெரிந்தும், 1953-க்குப் பிறகும் இந்தக் கல்யாணங்கள் நின்றுவிடவில்லை. அந்தப் பெண்களின் துணிச்சல் எந்த மாநாட்டுத் தீர்மானத்துக்கும் குறைந்ததல்ல.

1967-ல் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டே இந்து திருமணச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 7-A என்ற புதுப் பிரிவு. ஆங்கிலத்தில் எழுதிய சட்டத்துக்குள் ‘சுயமரியாதை’, ‘சீர்திருத்த’ என்ற தமிழ்ச் சொற்கள் அப்படியே உட்கார்ந்திருக்கும்!

பிரிவு என்ன சொல்கிறது? உறவினர், நண்பர், அல்லது வேறு யாராவது முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரிகிற ஒரு மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்லவேண்டும். அல்லது மாலை மாற்றவோ மோதிரம் போடவோ வேண்டும். அல்லது தாலி கட்டவேண்டும். இதில் ஏதாவது ஒன்று போதும். ஏற்கெனவே இப்படி நடந்த பழைய கல்யாணங்களும் செல்லும். செங்கல்பட்டு மாநாட்டிலிருந்து கணக்குப் போட்டால் 39 வருடக் காத்திருப்பு.

இந்தப் பிரிவின் உயிர், அந்த ‘அல்லது’வில் இருக்கிறது. அதற்குப் பதில் ‘மற்றும்’ என்று ஒரு வார்த்தை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாலி கட்டாதவர் கல்யாணம் செல்லாது, மாலை மாற்றாதவர் கல்யாணம் செல்லாது என்று பழைய குருடி கதவைத் திறடி ஆகியிருக்கும். இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? யார் நடத்திவைக்கவேண்டும் என்று பிரிவில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. புரோகிதர் கட்டாயமில்லை. கட்சித் தலைவரும் கட்டாயமில்லை! இரண்டு பேர் வாய் திறந்து சொன்னால் அதுவே கல்யாணம்.

இந்தப் பிரிவு கோர்ட்டில் காப்பாற்றியது யாரை என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மனைவி உயிரோடு இருக்கும்போதே 1984-ல் திருத்தணியில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார் ஒருவர். முதல் மனைவி வழக்குப் போட்டார். கணவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? ‘அந்தக் கல்யாணத்தில் அக்னியைச் சுற்றி ஏழு அடி வைக்கும் சப்தபதி நடக்கவில்லை. அதனால் அது கல்யாணமே இல்லை. ஆகவே நான் இருதார மணம் செய்யவே இல்லை!’ கீழ்க்கோர்ட் அவரை விடுதலையும் செய்துவிட்டது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2001-ல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டில் 7-A இருக்கிறது, தாலி கட்டியதும் மாலை மாற்றியதும் போதும், இரண்டாவது கல்யாணம் நடந்தது நடந்ததுதான் என்று சொல்லிவிட்டது. சடங்கு இல்லாமல் மணப்பவர்களுக்காக வந்த பிரிவு, சடங்கைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தவரைப் பிடித்துக் கொடுத்தது.

அடுத்த கேள்வி, ரகசியக் கல்யாணம். ஜாதி மாறிக் காதலித்த இருவர் வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டுக்குத்து என்ற நிலையில், ஒரு வக்கீல் அறையில் நான்கு நண்பர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் செல்லுமா? செல்லாது என்ற தோரணையில் 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஊரைக் கூட்டி அறிவிக்கவேண்டும் என்று 7-A கேட்கவில்லை. மிரட்டலுக்குப் பயந்து ஒளிந்து வாழும் ஜோடியிடம் ஊரறியக் கல்யாணம் செய் என்று சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பது அதன் சாரம். ஒரு வக்கீல் நண்பராக, சமூக சேவகராக அங்கே இருப்பதில் தவறில்லை என்றும் சொன்னது. துணையைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 1929-ல் செங்கல்பட்டில் போட்ட தீர்மானம், 94 வருடம் கழித்தும் உயிர் காக்கும் விஷயமாகவே இருக்கிறது.

*

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரம் அதற்குள்தான் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக ரிசார்ட்டுகள். கடலைப் பார்த்தபடி மேடை, மணலில் நாற்காலி, வெள்ளைத் துணிப் பந்தல். ‘எங்களுக்குச் சடங்கெல்லாம் வேண்டாம், சிம்பிளா பண்ணிக்கிறோம்’ என்று வந்து இறங்குகிற ஜோடிகள் அதிகமாகிவிட்டார்கள். சிம்பிளின் பில் மட்டும் லட்சங்களில் வரும்! புரோகிதர் இருந்த இடத்தில் ஈவென்ட் மேனேஜர் நிற்கிறார். ‘சார், மாலையைக் கொஞ்சம் மெதுவா இன்னொரு தடவை’ என்று போட்டோகிராபர் ஓதுகிறார், மணமக்கள் திருப்பிச் செய்கிறார்கள். ஒரே நாளில், குறைந்த செலவில் கல்யாணத்தை முடியுங்கள் என்று மன்றாடிய பழைய சுயமரியாதைக்காரர்கள் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளையோ பெண்ணோ இப்படி ஒரு கல்யாணம் கேட்டால் பதறவேண்டாம். சில விஷயங்களை மட்டும் சரியாகச் செய்துவிடுங்கள்.

7-A இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்குத்தான். கோயில் பக்கமே போகாத நாத்திகரும், வேறு மதத்துக்கு மாறாதவரை, சட்டத்தின் கண்ணில் இந்துதான் என்பது தனி வேடிக்கை. மணமக்களில் ஒருவர் முஸ்லிமோ கிறிஸ்தவரோ என்றால் 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டம் ஒரு வழி. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள் தேவை. ஆகவே ஹால் புக் செய்வதற்கு முன்பே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். 7-A தமிழ்நாட்டுத் திருத்தம், நாடு முழுவதுக்குமான சட்டம் அல்ல. எனவே, ‘மாமல்லபுரம் வேண்டாம், ராஜஸ்தான் கோட்டையில் வைத்துக்கொள்ளலாம்’ என்று கிளம்புவதற்கு முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

எந்த முறையானாலும் பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகியிருக்கவேண்டும். 2009-ஆம் வருடத் தமிழ்நாடு சட்டப்படி, எந்த மதத்தவராக இருந்தாலும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம். அதே நேரம், காகிதம் மட்டும் கல்யாணம் ஆகிவிடாது. எந்தச் சடங்கும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிய ஒரு ஜோடியின் திருமணம் செல்லாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலும் அந்த மூன்றில் ஒன்றாவது, நாலு பேர் பார்க்க நடந்திருக்கவேண்டும். போட்டோவில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. தலைவர் யார், பேச்சாளர் யார், மெனு என்ன என்று மாதக்கணக்கில் திட்டமிடுவோம். மணமக்கள் சொல்லப்போகும் அந்த நாலு வரியை மட்டும், ‘அதை யாராவது எழுதிக் கொடுத்துடுவாங்க’ என்று விட்டுவிடுவோம். அப்புறம் மைக்கில் ஒருவர் சொல்லச் சொல்ல, மந்திரத்தைத் திருப்பிச் சொல்வது போலவே அதையும் திருப்பிச் சொல்வார்கள். மணமக்களுக்குப் புரிகிற மொழி என்று சட்டம் அக்கறையோடு போட்டிருக்கிறது, பாருங்கள். முதல் நாள் ராத்திரி ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். சம்பளம் யார் கையில், சமையல் யார் வேலை, அவளுடைய அம்மாவை வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று அதில் பேச்சு வரட்டும். சண்டை கூட வரட்டும். செங்கல்பட்டு மாநாட்டின் தீர்மானங்கள் பேசியதும் இதே கணக்கைத்தான்.